பாதி நோட்டு வந்து சேர்ந்தது

எங்கள் கடையில் விற்காத பொருள் ஒன்று உண்டு. பழைய பத்து ரூபாய் நோட்டு ஒன்று. பல வருஷம் அதன் இடது பாதி மட்டும்தான் இருந்தது. கண்ணாடிக்கு அடியில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் அதை வைத்திருக்கிறேன். விலை கேட்பவர்களிடம் தலையை மட்டும் ஆட்டுவேன்.

கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். திருவனந்தபுரத்தில் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கோட்டைப் பக்கம் நடக்கிற வழியில், பூஜை சாமான் கடைக்கும் தோள்பை விற்கிற கடைக்கும் நடுவே ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், மேலே ஒரு தகரம். பழைய காசு, பழைய நோட்டு, தபால்தலை. இந்தக் காலத்தில் அதிகம் போவது பிறந்தநாள் நோட்டுதான். பிறந்த தேதியும் மாதமும் வருஷமும் நம்பராக வருகிற நோட்டைக் கேட்டு வருவார்கள். கட்டுக்கட்டாக நோட்டைப் புரட்டி அதைத் தேடித் தருவது என் வேலை. யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை. எனக்குப் பிடித்தது.

பேசுகிற வேலையெல்லாம் அக்காவுடையது. எனக்கு மூத்தவள், ஒரே உடன்பிறப்பு. அப்பா கோட்டைச் சுவர் ஓரத்தில் சாக்கு விரித்துக் காசு விற்றவர். அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் மேசை போட்டோம். அவள் எட்டாவது வரை படித்தவள், நான் பத்தாவது. அம்மா ஏற்கெனவே இல்லை. வலியசாலைக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறையும் அடுக்களையும் வாடகைக்கு எடுத்து, இருபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து இருந்தோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. அதற்காக யாரும் ஓடியாடவும் இல்லை.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல ஒன்று போதும். பஸ்ஸில் என் ஸ்டாப் வரும்போது வேறு யாரும் இறங்கவில்லை என்றால் நான் மணியடிக்கச் சொல்லிக் குரல் கொடுக்க மாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பேன். அக்கா கூட இருந்தால், "ஆளு இறங்கணும் கேட்டியா!" என்று அவள் போடுகிற சத்தத்தில் பஸ்ஸே குலுங்கும். மற்றவர்களுக்காக அவள் எவ்வளவு சத்தமாகவும் கேட்பாள். தனக்கென்று அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நோட்டு, சாலைக் கடைத்தெருவில் கடையை மூடிவிட்ட ஒரு மொத்த வியாபாரியின் வீட்டிலிருந்து ஒரு தகர டப்பாவில் வந்தது. அடியில் பழைய திருவிதாங்கூர் நாணயங்கள், சக்கரமும் காசுமாகக் கொஞ்சம், மேலே மடித்த ஒரு நோட்டு. நடுவில் கத்தரித்து, பின்னால் ஒரு காகிதத் துண்டு ஒட்டி மறுபடி சேர்த்திருந்தார்கள். சேகரிப்பவர்கள் அப்படிப்பட்டதை முகம் சுளித்துத் தள்ளிவிடுவார்கள். அக்கா மட்டும் அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.

"இது விக்கதுக்கு இல்லடே. சொல்லதுக்கு," என்றாள்.

சொன்னாள், வருஷக்கணக்காகச் சொன்னாள். நாஞ்சில் நாட்டு ராகத்தில் மலையாளம் பேசுவாள். கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். பையிலிருந்து ஒரு நூறு ரூபாயை எடுக்கச் சொல்வாள். அதில் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும், கொண்டு வருகிறவருக்கு நூறு ரூபாய் கொடுப்பதாக உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டிருப்பதைக் காட்டுவாள்.

"இத அவங்ககிட்ட கொண்டுபோயி, சொன்ன சொல்லக் காப்பாத்துங்கன்னு கேட்டா என்ன தருவாங்க?"

"என்ன தருவாங்க?"

"இன்னொரு நூறு ரூபா. கொஞ்சம் புதுசா இருந்தா ஒங்க யோகம்."

சிரிப்பு அடங்கினதும் பழைய நோட்டைக் காட்டுவாள். அந்தக் காலத்தில் நோட்டுக்கு ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெறும் வெள்ளை. கையெழுத்துப் போட்டவன் விளையாட்டுக்குப் போடவில்லை. பத்து ரூபாய் நோட்டை நீட்டினால் பத்து வெள்ளி ரூபாயை எண்ணி மேசையில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை, ஏறக்குறைய பன்னிரண்டு கிராம். வெள்ளியைச் சுமக்க முடியாததால்தான் காகிதம் வந்தது. காகிதம் வெள்ளியின் நிழல் மாதிரி. ஆனால் நோட்டில் எந்த ஊர் அச்சடித்திருக்கிறதோ அந்த ஊர் அரசாங்க ஆபீஸில்தான் வெள்ளி கிடைக்கும். எங்கள் நோட்டில் மதராஸ் என்று இருந்தது. இங்கே திருவனந்தபுரத்தில் அதை நீட்டினால், கொஞ்சம் கழித்துக்கொண்டு வாங்குகிற வியாபாரிதான் உண்டு. முழு மதிப்பு வேண்டும் என்றால் அது தன் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும்.

"அப்போ அத எப்படி மதராஸுக்கு அனுப்புவாங்க?" என்று அக்காவே கேட்டு அக்காவே பதில் சொல்வாள். தபாலில்தான். வழியில் எவனாவது உறையைப் பிரித்து எடுத்துக்கொண்டால்? அதனால் நோட்டை நடுவில் கத்தரிப்பார்கள். நம்பர் இரண்டு பாதியிலும் அச்சடித்திருக்கும். முதலில் ஒரு பாதியை மட்டும் அனுப்புவார்கள். ஒரு பாதியைத் திருடினவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது போய்ச் சேர்ந்தது என்று அங்கிருந்து கடுதாசி வந்த பிறகுதான் மற்ற பாதி இங்கிருந்து கிளம்பும். இரண்டையும் ஒட்டி, ஆபீஸில் நீட்டி, வெள்ளியை வாங்கிக்கொள்வார்கள்.

"ஆள நம்பாம இல்ல பாத்துக்கிடுங்க. வழியத்தான் நம்பல," என்று முடிப்பாள்.

அதற்குப் பிறகு முதல் உலகச் சண்டை வந்து வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது, ஒரு ரூபாய்க்கே காகிதம் அடித்தார்கள், ஜனங்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள், இன்னொரு சண்டையில் வெள்ளி ரூபாயே போய்விட்டது. காகிதத்துக்குப் பின்னால் இருந்ததெல்லாம் போய், கையெழுத்து மட்டும் மிச்சம். இதையும் சொல்வாள். ஆனால் கேட்கிறவர்களுக்குக் கத்தரித்த நோட்டுதான் நினைவிருக்கும். போகிறபோது நாலு காசாவது வாங்காமல் போக மாட்டார்கள்.

அப்படி நின்று கேட்டவர்களில் ஒருவர்தான் பின்னால் எனக்கு அத்தானாக வந்தார். நாகர்கோவிலில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்து, இரண்டு பையன்கள் வளர்ந்து நின்றார்கள். சாலைக் கடைத்தெருவில் சரக்கு எடுக்க வரும்போதெல்லாம் வந்து அதே கதையைக் கேட்பார். ஒருநாள் அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டார். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. என்னிடம் வந்து, "என்னடே சொல்லுக?" என்றாள். நான், "நல்லது அக்கா," என்றேன். நல்ல மனிதர்தான். வேறு என்ன சொல்ல?

அவள் கல்யாணமாகி நாகர்கோவிலுக்குக் கிளம்புகிறதற்கு முந்தின வாரம், கண்ணாடியைத் துடைக்கும்போது அந்த நோட்டு அவள் கையிலேயே இரண்டாக வந்தது. பசை காய்ந்து, பின்னால் இருந்த துண்டுக் காகிதம் உதிர்ந்துவிட்டது. நான் பசை வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லி வலது பாதியை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"யாவாரம் ஒனக்கு. இது எனக்கு."

"பாதிய வச்சு என்ன செய்வ?"

"நீ பாதிய வச்சு என்ன செய்வியோ, அதத்தான்."

அவள் போன பிறகு கடையில் சத்தம் நின்றுபோனது. கண்ணாடிக்கு அடியில் இருக்கிற பாதியைப் பார்த்து ஆட்கள் கேட்பார்கள். நான் கேட்காதது போல நோட்டுக் கட்டைப் புரட்டுவேன். கடைசியில் ஓர் அட்டையில் மலையாளத்தில் கதையை எழுதி, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அட்டை சின்னது. வெள்ளி, மதராஸ், கத்தரிப்பது, முதல் பாதி, பிறகு இரண்டாம் பாதி என்று சுருக்கி எழுதினேன். யாராவது கேட்டால் அட்டையை விரலால் காட்டினால் போதும். எத்தனையோ வருஷம் அப்படியே ஓடியது. அறைக்குத் திரும்பினால் ஒரு பிடி அரிசி போட்டுக் கஞ்சி வைப்பேன், ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்ப்பேன். சில நாள், காலையில் பால்காரனிடம் பேசினதுதான் அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தையாக இருக்கும்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ?"

"ஆச்சு. வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

சாப்பிடாத நாளிலும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வேன். அவளும் அப்படித்தானோ என்னவோ.

போன வருஷம் அத்தான் தவறிப்போனார். சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா கூட்டத்துக்கு நடுவில் இருந்தாள். பையன்கள் மரியாதையான பையன்கள்தான். கடை அவர்களுடையது, வீடு அவர்களுடையது, மருமகள்கள் இரண்டு பேர், பிள்ளைகள். பதினாறு முடிந்து நான் மறுபடி போனபோது, அக்காவின் கட்டிலும் பெட்டியும் பின்கட்டில் அரிசி மூட்டை வைக்கிற அறைக்கு மாறியிருந்தன. "பிள்ளையளுக்குப் படிக்க எடம் வேணும்லா," என்றாள். என்னோடு திருவனந்தபுரத்துக்கே வந்துவிடு என்று சொல்ல நினைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். பஸ் தக்கலை தாண்டின பிறகுதான் அந்தச் சொல் தொண்டையிலிருந்து வாய்க்கு வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனைக் கையில் எடுப்பேன். வந்துரு அக்கா. இரண்டே சொல். ஆனால் கேட்டு, அவள் இல்லையென்றால்? ஓர் அறை, ஒரு ஃபேன், மழைக்கு ஒழுகுகிற அடுக்களை. அவள் இப்போது ஒரு குடும்பத்துக்குப் பெரியவள். தம்பி கூப்பிட்டான் என்று வந்தால் பையன்களை நாலு பேர் என்ன சொல்வார்கள்? இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் "வேற?" என்பாள். நான் "ஒண்ணுமில்ல" என்பேன்.

மழை தொடங்கின சமயம், ஒருநாள் கடைக்குத் தபால் வந்தது. அக்காவின் கையெழுத்து. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் மடித்து அந்த வலது பாதி. வேறு ஒன்றும் இல்லை. உறையைக் கிழித்து உள்பக்கம் வரை பார்த்தேன். ஒரு வரி இல்லை.

 கணக்கை முடிக்கிறவர்கள்தான் இப்படி அனுப்புவார்கள். அந்த அரிசி மூட்டை அறையில் இதை வைக்கக்கூட அவளுக்கு இடமில்லை போலும். அல்லது இனிமேல் எனக்கு அங்கேதான், உன் கடைச் சாமானை நீயே வைத்துக்கொள் என்கிறாள். எப்படிப் பார்த்தாலும் எனக்கு அது ஒன்றாகத்தான் தெரிந்தது. இரண்டு பாதிகளையும் கண்ணாடிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒட்டவில்லை. நடுவில் ஒரு நூல் அகலம் விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். சாப்ட்டியா, சாப்ட்டேன். "வேற?" என்றாள். ஒண்ணுமில்ல என்றேன். வழக்கமாக அதோடு வைத்துவிடுவாள். அன்றைக்கு வைக்கவில்லை. "வேற ஒண்ணுமே இல்லியாடே?" என்று மறுபடி கேட்டாள். நோட்டு வந்தது என்று சொன்னால், ஆமாம், முடித்துக்கொண்டோம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். "மழைதான்," என்றேன். "சரி, வைக்கேன்," என்றாள்.

அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று விவரமாக எழுத எனக்குத் தெரியவில்லை. மழையில் ஆள் வரத்து குறைவு. தகரத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வேறு யார் யாரோ பிறந்த தேதிகளை நோட்டுகளில் தேடிக்கொண்டிருப்பேன். ஒருநாள் விளையாட்டாக என் தேதியைத் தேடினேன். கிடைத்தது, ஓர் ஐம்பது ரூபாயில். அதை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மாலையில் பழம் வாங்கினபோது கொடுத்துவிட்டேன்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் ஒரு அம்மாள் வந்தார். பேத்தியின் பிறந்தநாள் நோட்டு கேட்டிருந்தார். எடுத்து வைத்திருந்தேன். கவரில் போடுகிற நேரத்தில் அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அந்த அட்டையைப் படித்தார். யாரும் இரண்டு வரிக்கு மேல் படிப்பதில்லை. அவர் கடைசி வரை படித்தார், விரல் வைத்து.

"இதில் ஒரு காரியம் இல்லல்லோ சேட்டா," என்றார். "ஆத்யத்தெ பகுதி அவிடெ கிட்டி என்னு எங்ஙனெ அறியும்?"

அட்டையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, முதல் பாதி அங்கே கிடைத்தது என்று அனுப்பினவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். அட்டையைக் காட்ட முடியாது, அட்டையில் அது இல்லை. இடம் போதாமல் நான்தான் விட்டிருந்தேன்.

"கத்து எழுதும்," என்றேன். "கிட்டி என்னு." கிடைத்தது என்று கடுதாசி போடுவார்கள்.

"எழுதியில்லெங்கிலோ?"

எழுதாவிட்டால்? அக்கா இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். எத்தனையோ தடவை என் காதுபடச் சொன்ன பதில். எழுதாவிட்டால் அனுப்பினவன் மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான் அம்மா, வழியில் தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு.

கவரை நீட்டாமல் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் பயந்துபோய், "சேட்டா, வெள்ளம் வேணோ?" என்றார். தண்ணீர் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் போன பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு பாதிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா அனுப்பினது முதல் பாதி. மற்ற பாதிக் காகிதம் அவளிடம் இல்லை, அது என்னிடமே இருக்கிறது. அப்படியானால் அங்கிருந்து இன்னும் கிளம்பாமல் இருப்பது எது? வாயைத் திறந்து தனக்கென்று ஒன்றும் கேட்கத் தெரியாத ஒருத்தி, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு வழியில் கேட்டிருக்கிறாள். நான் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

போனை எடுத்தேன். எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். இதற்குப் போன் சரியில்லை. போனில் நான் மறுபடி ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வேன்.

பக்கத்துப் பூஜைக் கடைக்காரரிடம் மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தபாலாபீஸுக்குப் போனேன். போஸ்ட் கார்டு இருக்கிறதா என்று கேட்டதும் கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய்த் தேடி ஒன்று எடுத்து வந்தாள். அங்கேயே நின்று, கயிற்றில் கட்டியிருந்த பேனாவால் எழுதினேன். பழைய வியாபாரிகள் எப்படி எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா சொல்லும்போது சொல்கிற மாதிரியே எழுதினேன்.

"பாதி நோட்டு வந்து சேர்ந்தது. பத்திரமாக இருக்கிறது. மற்றது உடனே கிளம்பலாம்."

எழுதி முடித்து இரண்டு தடவை படித்தேன். என் வயதுக்கு, ஓர் ஆளை வரச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெட்டியில் போட்டுவிட்டு, அது உள்ளே விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். பஸ்களின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு காத்திருந்தேன். நாகர்கோவில் தூரமில்லை, ஆனாலும் கார்டு தன் இஷ்டத்துக்குத்தான் போகும். போகிற வழியில் நனைந்து எழுத்து கலைந்துவிடுமோ, மருமகள் யாராவது எடுத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவாளோ என்றெல்லாம் தோன்றியது. வழியை நம்பாமல் இருப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை.

வாரத்தின் நடுவில் ஒருநாள் சாயங்காலம், மேசையை மூடித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. பின்னால் மருமகள் யாரையோ அதட்டுகிற சத்தம், ஒரு குக்கர் சத்தம். 

"கார்டு வந்துது," என்றாள்.

"ம்."

"ஒரு கார்டு எழுத இத்தன நாளாடே ஒனக்கு? அந்தக் காலத்து யாவாரி எவனாவது ஒங்கூட யாவாரம் பண்ணியிருந்தான்னா, காத்துக் காத்துக் கெடந்தே செத்திருப்பான் பாவி."

தார்ப்பாய்க் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.   பிறகு குரலைத் தாழ்த்தி, எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறதைக் கேட்டாள்.

"சாப்ட்டியா?"

"இல்ல," என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் மறுபடி ஒருமுறை கத்தி ஓய்ந்தது.

"வீட்டுல அரிசி இருக்கா?"

"ஒரு ஆளுக்கு இருக்கு."

"ரெண்டாளுக்கு வாங்கிப் போடு," என்றாள். "பையன்மாருகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ பேசி ஒண்ணும் கிழிக்க வேண்டாம்."

தார்ப்பாயின் ஒரு மூலையைக் கட்டாமலே விட்டுவிட்டு, சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். அரிசிக் கடையில் கூட்டம். பின்னால் நின்றபடி, முன்னால் இருக்கிற தலைகளுக்கு மேலே, கொஞ்சம் சத்தமாகவே அரிசி கேட்டேன்.

கடைக்காரர் நிமிர்ந்தார். "எவ்வளவு சேட்டா?"